நிலம் வாங்கக் கற்றுத்தரும் வகுப்புக்குப் பணம் கட்டும் முன்

ரியல் எஸ்டேட் முதலீடு கற்றுத்தருவதாகச் சொல்லும் வகுப்புகள் தமிழில் இப்போது நிறைய வந்துவிட்டன. விலை வைக்கும் முறை அநேகமாக எல்லாவற்றிலும் ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் இலவசமாகவோ 99 ரூபாய்க்கோ இரண்டு மணி நேர வெபினார். அதன் கடைசி அரை மணியில் சில ஆயிரம் ரூபாய்க்கு மூன்று நாள் வகுப்பு. இன்று இரவு 12 மணிக்குள் சேர்ந்தால் பாதி விலை என்பார்கள். அந்த மூன்றாம் நாள் மாலையில் லட்சத்தைத் தொடும் 'மென்டர்ஷிப்' வரும். போன வகுப்பில் கிடைக்காத பதில் அடுத்ததில் கிடைத்துவிடும் என்ற நம்பிக்கையில்தான் பலர் மேலும் மேலும் கட்டுகிறார்கள்.

இந்த முறை இங்கே பிறந்ததல்ல. அமெரிக்காவில் 2005இல் தொடங்கிய டிரம்ப் யுனிவர்சிட்டியிலும் இதே வரிசைதான்: இலவசக் கூட்டம், 1,495 டாலருக்கு மூன்று நாள் வகுப்பு, பிறகு 34,995 டாலர் வரை போகும் பேக்கேஜ். மாணவர்கள் தொடுத்த வழக்குகளும் நியூயார்க் மாநில அரசு வழக்கறிஞரின் வழக்கும் 2016 நவம்பரில் 25 மில்லியன் டாலர் சமரசத்தில் முடிந்தன. தவறு செய்ததாக எதிர்த்தரப்பு ஒப்புக்கொள்ளவில்லை. டிரம்பே தேர்ந்தெடுத்த ஆசிரியர்கள் என்று விளம்பரம் செய்தது உண்மையா என்பது அந்த வழக்குகளின் மையமான கேள்வி.

இங்கே ஆசிரியர் தகுதியானவரா என்று பணம் கட்டும் முன் கேட்டால் பதில் சொல்ல ஓர் அலுவலகம் கிடையாது. பங்கு, மியூச்சுவல் ஃபண்ட் பற்றிக் கட்டணம் வாங்கி ஆலோசனை சொல்பவர், பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியில் பதிவு செய்ய வேண்டும். மனையும் வீடும் செபியின் வரம்புக்குள் வராது. 2016ஆம் ஆண்டு ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை) சட்டம் மனையோ வீடோ உருவாக்கி விற்கும் புரோமோட்டரையும், இடைத்தரகரான ஏஜென்ட்டையும் பதிவு செய்யச் சொல்கிறது, வாத்தியாரைச் சொல்லவில்லை. ஆகவே நிலத்தில் முதலீடு செய்யக் கற்றுத்தர யாருக்கும் எந்த உரிமமும் தேவையில்லை. 'செபி பதிவு பெற்றவர்', 'சான்றிதழ் பெற்ற ரியல் எஸ்டேட் கோச்' என்று விளம்பரத்தில் இருந்தால், அது நில விஷயத்தில் எதையும் உறுதிப்படுத்தாது. சரிபார்க்கும் வேலை முழுக்கப் பணம் கட்டுபவர் தலையில்தான் விழுகிறது.

முதலில் பார்க்க வேண்டியது, நடத்துபவருக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது என்பது. கட்டணத்தில் மட்டும் பிழைப்பவர் ஒரு வகை. வகுப்பை மனை விற்கும் வாசலாக வைத்திருப்பவர் இன்னொரு வகை. இரண்டாம் வகையில் கட்டணம் குறைவாக இருக்கும், 'சைட் விசிட்' என்று பஸ்ஸில் அழைத்துப் போவார்கள், பாடத்தில் வரும் உதாரணம் எல்லாம் ஒரே புரோமோட்டரின் லே-அவுட்டாக இருக்கும். மனை விற்பது தப்பில்லை. ஆனால் விற்கும் மனையின் குறையை அதை விற்பவரே பாடமாக நடத்துவார் என்று எதிர்பார்க்க முடியாது. ரெராவில் பதிவான திட்டத்தின் மனையை இடையில் நின்று விற்றுக்கொடுக்க ஏஜென்ட் பதிவு கட்டாயம். அதனால் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, தமிழ்நாடு ரெரா இணையதளத்தில் பெயரோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். 'நாங்கள் ஏஜென்ட் இல்லை, மாணவர்களுக்கு நல்ல மனையை அறிமுகம் மட்டும் செய்கிறோம்' என்ற பதில் வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்திக்கொள்ளலாம்.

அடுத்தது லாபக் கணக்கு. வகுப்பின் தரத்தை இதைவிட வேகமாகக் காட்டிக்கொடுப்பது வேறெதுவும் இல்லை என்பது என் எண்ணம். '20 லட்சத்துக்கு வாங்கிய மனையை ஒரே வருடத்தில் 26 லட்சத்துக்கு விற்றோம், 30 சதவீத லாபம்' என்று ஸ்லைடில் போடுவார்கள். அதைத் தாளில் எழுதிப் பார்ப்போம்.

தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பு, கிரயத் தொகை இரண்டில் எது கூடுதலோ அதன் மேல் கணக்கு. 20 லட்சத்துக்கு 1,80,000 ரூபாய். வாங்கும்போது புரோக்கர் கமிஷன் 2 சதவீதம் என்றால் 40,000. வக்கீல் கருத்து, நகல்கள், பத்திரம் எழுதுவது, அளப்பது எல்லாம் சேர்த்து 20,000 என்று வைத்துக்கொள்வோம். ஆக அடக்கம் 22,40,000. விற்கும்போது 26 லட்சத்தில் கமிஷன் 52,000 போனால் கைக்கு 25,48,000. மிச்சம் 3,08,000. இரண்டு வருடத்துக்குள் விற்றதால் இது குறுகிய கால ஆதாயம். மற்ற வருமானத்தோடு சேர்ந்து வரி. 30 சதவீத அடுக்கில் இருப்பவருக்கு செஸ்ஸோடு 31.2 சதவீதம், அதாவது சுமார் 96,000. கடைசியில் நிற்பது ஏறக்குறைய 2,12,000 ரூபாய். போட்ட பணத்துக்கு ஒன்பதரை சதவீதம்.

30 எப்படி ஒன்பதரை ஆனது என்பதை நடத்துபவரே கரும்பலகையில் போட்டுக் காட்டினால் அந்த வகுப்பில் சரக்கு இருக்கிறது. டெமோ வகுப்பில் இதை ஒரே கேள்வியாகக் கேட்கலாம்: 'இந்த 26 லட்சத்தில் பத்திரச் செலவும் கமிஷனும் வரியும் போக என்ன நின்றது?' மழுப்பினால், அல்லது 'மைண்ட்செட்' பக்கம் பேச்சைத் திருப்பினால், முடிவு எடுக்க அதுவே போதும். பத்திரத்தில் விலையைக் குறைத்துக் காட்டி, வித்தியாசத் தொகையைக் கையில் ரொக்கமாக வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்லித்தருபவர் இன்னும் ஆபத்தானவர். அசையாச் சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் விதிக்க வருமான வரிச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

பாடம் எந்த வருடத்தில் பதிவு செய்த வீடியோ என்பதும் கேட்டே ஆக வேண்டியது. பதிவுச் செலவு 2017 முதல் மொத்தம் 11 சதவீதமாக இருந்து, 2023 ஏப்ரலில்தான் 9 ஆனது. அதே நேரம் வழிகாட்டி மதிப்பு ஏற்றப்பட்டது. 2025 ஏப்ரல் முதல், பெண்கள் பெயரில் 10 லட்சம் வரை வாங்கும் சொத்துக்குப் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. நீண்ட கால மூலதன ஆதாய வரி 2024 ஜூலை 23 முதல் பணவீக்கச் சரிக்கட்டல் (இன்டெக்சேஷன்) இல்லாமல் 12.5 சதவீதம். அந்தத் தேதிக்கு முன் வாங்கிய நிலம், கட்டடத்துக்கு மட்டும் இந்தியாவில் வசிக்கும் தனிநபர்கள் பழைய 20 சதவீத முறையோடு ஒப்பிட்டு எது குறைவோ அதைக் கட்டலாம். 2026 ஏப்ரல் 1 முதல் வருமான வரிச் சட்டமே புதியது, பிரிவு எண்கள் மாறிவிட்டன. வீடியோவில் 11 சதவீதம் என்றோ, புதிதாக வாங்கும் மனைக்கும் இன்டெக்சேஷன் கிடைக்கும் என்றோ வந்தால் அது பழைய சரக்கு. ஆயுள் முழுக்கப் பார்க்கலாம் என்ற சலுகையால் அதற்கு உயிர் வந்துவிடாது.

ஆவணப் பகுதிக்கு வருவோம். இங்கேதான் நல்ல வகுப்பு உண்மையிலேயே உதவும், ஏனென்றால் தமிழ்நாட்டில் நிலத்தில் பணம் போவது பெரும்பாலும் விலை இறங்கியதால் அல்ல, தாளில் இருந்த ஓட்டையால். 'பட்டா, சிட்டா, ஈசி, தாய்ப்பத்திரம் பார்ப்பது எப்படி' என்று எல்லா பாடத்திட்டத்திலும் ஒரு வரி இருக்கும். அந்த வரிக்குள் என்ன இருக்கிறது என்று கேட்க வேண்டும்.

பட்டா வருவாய்த் துறைப் பதிவேடு, உரிமைப் பத்திரம் அல்ல என்பதைச் சொல்கிறார்களா? ஈசி எனப்படும் வில்லங்கச் சான்று எதைக் காட்டாது என்பதை விளக்குகிறார்களா? பதிவு செய்யாத உயில், வாய்மொழிப் பாகப்பிரிவினை, விடுபட்ட வாரிசு, நடந்துகொண்டிருக்கும் வழக்கு போன்றவை ஈசியில் வராமலே போகலாம். சர்வே எண் உட்பிரிவு ஆன நிலத்துக்குப் புதிய எண்ணை மட்டும் போட்டுத் தேடினால் பழைய எண்ணில் ஏறிய அடமானம் கண்ணில் படாது. இரண்டு எண்ணிலும் தேட வேண்டும். கணினியில் ஏறாத காலத்துக்கு சார்பதிவாளர் அலுவலகத்தில் கையால் எழுதிய வில்லங்கம் தனியாக வாங்க வேண்டும். பூர்வீகச் சொத்தில் மகள்கள் கையெழுத்து இருக்கிறதா, மைனர் பங்கை நீதிமன்ற அனுமதி இல்லாமல் விற்றிருக்கிறார்களா, பவர் பத்திரத்தில் (உரிமையாளர் சார்பில் செயல்பட அதிகாரம் தரும் பத்திரம்) விற்றிருந்தால் பவர் கொடுத்தவர் அன்று உயிரோடு இருந்தாரா: சிக்கல் வரும் இடங்கள் இவை. அரை மணியில் நடத்தி முடிக்கும் விஷயம் இல்லை. ஆறு மணி நேரமாவது இதற்கு ஒதுக்காத வகுப்பை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மனை விஷயத்தில் இன்னொரு சோதனைக் கேள்வி உண்டு. அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்ய 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. அதன் பிறகு வந்த 2017ஆம் ஆண்டு வரன்முறை விதிகள், 2016 அக்டோபர் 20ஐ எல்லைத் தேதியாக வைத்தன. 'அந்தத் தேதிக்கு முன் ஒருமுறைகூட மனையாகப் பதிவாகாத அங்கீகாரமற்ற துண்டை இன்று வாங்கினால் என்ன ஆகும்?' என்று கேளுங்கள். பதிவுச் சட்டம் 22-ஏ பிரிவின்படி பதிவாளர் மறுக்க வேண்டியது என்ற பதில் உடனே வர வேண்டும். 'பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கு, பிறகு டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்கக அனுமதி) வாங்கிக்கலாம்' என்று சொன்னால் அவர் பாடம் நடத்தும் இடத்தில் இருக்கக் கூடாது.

சில வகுப்புகளின் பாடத்திட்டம் அமெரிக்க வீடியோக்களிலிருந்து அப்படியே எடுத்துத் தமிழில் பேசியது. கண்டுபிடிக்க இரண்டு அடையாளம் சொல்கிறேன். ஒன்று, 'கைக்காசு இல்லாமல் வீடு வாங்கலாம்'. ரிசர்வ் வங்கி விதிப்படி வீட்டுக் கடன் 30 லட்சம் வரை மதிப்பில் 90 சதவீதம், 75 லட்சம் வரை 80, அதற்கு மேல் 75 சதவீதம்தான் கொடுக்கலாம். சிறிய வீடுகளைத் தவிர, மதிப்புக் கணக்கில் பத்திரச் செலவைச் சேர்க்க முடியாது. 60 லட்சம் மறுவிற்பனை ஃபிளாட் என்றால் கடன் 48 லட்சம். மீதி 12 லட்சமும் பத்திரச் செலவு 5,40,000மும் சேர்த்து 17,40,000 கையில் இருக்க வேண்டும். மாத வாடகை 18,000 வந்தால் வருடத்துக்கு 2,16,000, அதாவது விலையில் 3.6 சதவீதம். சொத்து வரி, பராமரிப்பு, காலியாகக் கிடக்கும் மாதம் எல்லாம் இன்னும் கழிக்கவில்லை. இந்த வாடகையில் 48 லட்சத்தின் தவணையைக் கட்ட முடியாது. அமெரிக்காவில் வாடகையிலேயே தவணை கட்டிய கதையை இங்கே சொன்னால் பொருந்தாது.

இன்னொன்று 'ஹோல்சேலிங்'. ஒப்பந்தம் மட்டும் போட்டுவிட்டு, அந்த ஒப்பந்தத்தையே வேறொருவருக்குக் கைமாற்றி லாபம் பார்ப்பது. தமிழ்நாட்டில் 2012 திருத்தத்துக்குப் பிறகு கிரைய ஒப்பந்தத்தையும் பதிவு செய்தாக வேண்டும். அது ஈசியில் ஏறிவிடும். ஒப்பந்தம் உடைந்தால் ரத்துப் பத்திரம் எழுத இரு தரப்பும் வர வேண்டும், வராவிட்டால் வழக்கு. பவர் பத்திரத்தை வைத்து விற்றுக்கொள்ளலாம் என்ற குறுக்கு வழிக்கும், அது உரிமையை மாற்றாது என்று உச்ச நீதிமன்றம் 2011இலேயே சொல்லிவிட்டது. இந்தச் செலவையும் சிக்கலையும் சொல்லாமல் இதை 'ஜீரோ முதலீட்டுத் தொழில்' என்று நடத்துவது மாணவரைக் கோர்ட் வாசலில் கொண்டுபோய் விடும் வேலை.

வங்கி ஏல வகுப்புகளைத் தனியாகச் சொல்ல வேண்டும், அவற்றுக்கு இப்போது நல்ல கூட்டம். சந்தை விலைக்குக் கீழே சொத்து கிடைப்பது உண்மைதான். எதனால் கீழே என்பதைச் சொல்லும் வகுப்பா என்று பாருங்கள். கடன் கட்டாதவரின் அடமானச் சொத்தை வங்கியே விற்க வழிசெய்யும் சர்ஃபாசி சட்டப்படி நடக்கும் ஏலத்தில், முன்வைப்புத் தொகையோடு சேர்த்து 25 சதவீதத்தை அன்றோ அடுத்த வேலை நாளிலோ கட்ட வேண்டும். விற்பனை உறுதியான 15 நாளில் மீதி 75 சதவீதம். வங்கி எழுத்தில் ஒப்புக்கொண்டால் அதிகபட்சம் மூன்று மாதம் வரை நீட்டலாம். கட்டத் தவறினால் கட்டிய பணம் போய்விடும். 25 சதவீதத்தையும் வங்கி எடுத்துக்கொள்வது செல்லும் என்று 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வீட்டுக் கடனை நம்பி ஏலம் கேட்பவருக்கு இந்த 15 நாள்தான் தூக்குக்கயிறு. அடுத்தது, வங்கியிடம் சொத்தின் சுவாதீனம் (கைவசம்) காகிதத்தில் மட்டுமா, நேரடியாகவா? காகிதத்தில் மட்டும் என்றால் உள்ளே குடியிருப்பவர் இன்னும் இருக்கிறார். அவர் கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போயிருக்கலாம். மாவட்ட ஆட்சியர் வழியாகக் காலி செய்ய மாதக்கணக்கில் ஆகலாம். பழைய பராமரிப்பு பாக்கி, மின் கட்டணம், சொத்து வரி பாக்கி பெரும்பாலும் வாங்குபவர் தலையில். பொதுத்துறை வங்கிகளின் பேங்க்நெட் தளத்தில் இருக்கும் ஓர் ஏல அறிவிப்பைத் திறந்து, இந்த விவரம் ஒவ்வொன்றும் எந்த வரியில் இருக்கிறது, எது இல்லவே இல்லை என்று வகுப்பில் படித்துக் காட்டுகிறார்களா? அப்படிப் படித்துக் காட்டினால் கட்டணம் தகும்.

மாணவர்கள் பணத்தைச் சேர்த்து 'குரூப் இன்வெஸ்ட்மென்ட்' செய்வோம் என்று யார் சொன்னாலும் வெளியே வந்துவிடுங்கள். உறுதியான வருமானம் தருகிறேன் என்று பொதுமக்களிடம் பணம் திரட்டுவது 2019ஆம் ஆண்டு நெறிப்படுத்தப்படாத டெபாசிட் தடைச் சட்டத்திலும், தமிழ்நாட்டின் 1997ஆம் ஆண்டு முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்திலும் போய் மாட்டும் விஷயம். பத்திரத்தில் உங்கள் பெயர் இல்லாவிட்டால் அந்த நிலத்தில் உங்களுக்கு ஒன்றும் இல்லை.

'வெற்றி பெற்ற மாணவர்' வீடியோக்களுக்கு அதிக மதிப்பு கொடுக்க வேண்டாம். பல வீடியோக்கள் வகுப்பு முடிந்த அன்று மாலையே எடுக்கப்பட்டவை. அன்று யாரும் எதுவும் வாங்கியிருக்க மாட்டார்கள். இரண்டு வருடம் முன்பு படித்து, அதன் பிறகு வாங்கியோ வாங்காமல் விட்டோ இருக்கும் இருவரிடம் பேச ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். வாங்காமல் விட்டவர் சொல்வது அதிகம் பயன்படும்: எந்தத் தாளில் என்ன பார்த்துப் பின்வாங்கினார் என்று அவரால் சொல்ல முடிந்தால் பாடம் ஏறியிருக்கிறது.

பணம் கட்டும் விதத்திலும் கவனம் வேண்டும். வணிக நோக்கப் பயிற்சிக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். சொன்ன விலை வரியோடா வரியில்லாமலா என்று கேட்டு, இன்வாய்ஸில் உள்ள ஜிஎஸ்டி எண்ணை அரசுத் தளத்தில் போட்டு நிறுவனத்தின் பெயரைப் பாருங்கள். வரி வாங்கிக்கொண்டு எண் கொடுக்காதவர் நாளை பணத்தைத் திருப்பித் தர மாட்டார். 'நோ காஸ்ட் இஎம்ஐ' என்பது பெரும்பாலும் ஒரு நிதி நிறுவனம் உங்கள் பெயரில் கொடுக்கும் கடன். முழுத் தொகையும் வகுப்பு நடத்துபவருக்கு முதல் நாளே போய்விடும். பிடிக்கவில்லை என்று வகுப்பை விட்டாலும் தவணை நிற்காது, கட்டாமல் விட்டால் சிபில் (கடன் மதிப்பெண்) கெடும். ஆப்பில் வாங்கும் கடன் என்றால் முக்கிய விவர அறிக்கை தர வேண்டும். அபராதம் இல்லாமல் விலகும் கால அவகாசம் எத்தனை நாள் என்று அதில் இருக்கும். ஒரே நாளாகக்கூட இருக்கலாம், படித்துவிட்டுக் கையெழுத்து போடுங்கள்.

பணம் திருப்பித் தரும் நிபந்தனையை வாய்ப்பேச்சில் விடக் கூடாது. 'எல்லா வீடியோவையும் பார்த்து, எல்லாப் பயிற்சித் தாளும் முடித்து, 30 நாளுக்குள்' போன்ற வாசகம் இருந்தால், பாடமே 45 நாளுக்கு வாரம் ஒன்றாகத் திறக்கும் அமைப்பா என்று பாருங்கள். அப்படி இருந்தால் அந்த நிபந்தனையை யாராலும் நிறைவேற்ற முடியாது. வாட்ஸ்அப்பில் கேட்டு எழுத்தில் பதில் வாங்கி, விளம்பரப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த வகுப்பிலும் சேரும் முன் ஒரு பயிற்சியைச் சொந்தமாகச் செய்துவிடலாம். உங்கள் ஊரில் தெரிந்த ஒரு சர்வே எண்ணை எடுங்கள். பதிவுத் துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் வழிகாட்டி மதிப்பையும் வில்லங்க விவரத்தையும் பாருங்கள். வருவாய்த் துறை இ-சேவைத் தளத்தில் பட்டாவையும் புலப்படத்தையும் (நிலத்தின் அளவு வரைபடம்) எடுங்கள். பக்கத்தில் புது லே-அவுட் இருந்தால் ரெரா தளத்தில் அதன் பதிவையும் அங்கீகார வரைபடத்தையும் தேடுங்கள். ஒரு மாலை போதும். ஈசியில் உள்ள பரப்பும் பட்டாவில் உள்ள பரப்பும் ஒத்துப்போகவில்லையா, புலப்படத்தில் பாதை இல்லையா, இடையில் ஒரு பத்திரம் விட்டுப்போனதா என்று புரியாத இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். டெமோ வகுப்பில் அந்தக் குறிப்பை வைத்துக் கேளுங்கள். பதில் தெரிந்தவர் யார் என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். 25,000 ரூபாய் வகுப்பா, அதே பணத்தில் சொத்து வழக்கு பார்க்கும் உள்ளூர் வக்கீலிடம் ஒரு மனையின் முழு ஆவணத்தையும் வைத்து உட்கார்ந்து கேட்பதா என்று வந்தால், முதல் சொத்து வாங்கப் போகிறவருக்கு இரண்டாவதுதான் என் சிபாரிசு.

ஏற்கெனவே கட்டி ஏமாந்தவர்கள் முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் கேட்டு, பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதியலாம். அதிலும் முடியாவிட்டால் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும் சரி. கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் கிடையாது. இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் செய்துவிட வேண்டும். போலியான அவசரம் காட்டி விற்கக் கூடாது, மாணவர் பெயரையும் படத்தையும் எழுத்துச் சம்மதம் இல்லாமல் போடக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் கோச்சிங் விளம்பரங்களுக்கு வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. 50 பேருக்கு மேல் பயிற்சி தரும் நிலையங்களுக்கு அவை பொருந்தும் என்பதால், புகாரில் அதையும் ஒரு வரி சேர்த்து எழுதுங்கள்.